வெள்ளூரணியில் சலான் பேசிய காலம்

மிளகாய் நெடியும் கடலை எண்ணெய் வாசமும் எந்நேரமும் கலந்து கிடக்கிற வெள்ளூரணிக் கடைவீதியில், வற்றல் மண்டி வைத்திருந்த தவசிலிங்கத்துக்கு நாற்பத்தேழு வயது நடந்த வருஷம், பங்குனி பிறந்து மூன்றாம் நாள், வருமான வரி கட்டிய சலானின் அடிச்சீட்டுகள் பேச ஆரம்பித்தன. முதலில் கேட்டவர் எண்ணெய் மில் ஞானையா. வங்கி வாசலில் நின்றுகொண்டு, அப்போதுதான் முத்திரை குத்தி வாங்கிய அடிச்சீட்டின் ஓரத்தைச் சுருட்டிக் காது குடைந்தவர், அப்படியே அசையாமல் நின்றார். எங்கேயோ பத்துப் பதினைந்து ஆட்கள் ஓசை கூட்டித் தண்டவாளம் தூக்கி வைக்கிற சத்தமும், சம்மட்டி விழுகிற சத்தமும், நடுவே ஒருத்தன் இருமுகிற சத்தமும் அவர் காதுக்குள் தெளிவாக வந்தன. சீட்டை எடுத்தார், சத்தம் நின்றது. வைத்தார், இருமியவன் மறுபடியும் இருமினான்.

கட்டிய பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன வேலை செய்ததோ அந்த வேலையின் சத்தம் சீட்டில் கேட்கிறது என்பதை ஊர் ஒரு வாரத்துக்குள் புரிந்துகொண்டது. எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சி பண்ண யாருக்கும் பொழுதில்லை, பங்குனி மாதம் வெள்ளூரணியில் வரத்து அதிகம். வலது காதில் வைப்பதா இடது காதில் வைப்பதா, மடித்து வைப்பதா விரித்து வைப்பதா, போன வருஷத்துச் சீட்டும் பேசுமா என்பதைப் பற்றித்தான் டீக்கடையில் விவாதம் நடந்தது. போன வருஷத்துச் சீட்டும் பேசியது, பத்து வருஷத்துச் சீட்டும் பேசியது, கரையான் அரித்த சீட்டு கொஞ்சம் கரகரப்பாகப் பேசியது. வங்கியில் சலான் வாங்கி முத்திரை குத்துகிற மங்களேஸ்வரியின் கைராசி என்று நம்பி, வரி கட்ட வந்தவர்கள் அவளுக்கு ஒரு முழம் பூ கொண்டுவந்து வைத்தார்கள். அவள் நாலு நாள் லீவில் போனபோது வேறொருத்தர் குத்திய சீட்டும் பேசியது. ஆனாலும் பூ நிற்கவில்லை, பழகிப்போயிருந்தது.

மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஏசுவடியானுக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவதால் சலான் கிடையாது, வருஷக் கடைசியில் ஒரு சான்றிதழ்தான். அதில் பன்னிரண்டு மாதச் சத்தமும் வரிசையாக இருந்தன. பனி விழுகிற இடத்தில் ஒரு சிப்பாய் பூட்ஸை உதறுவது, ஒரு கிணற்றில் போர் போடுவது, புரியாத பாஷையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது. வாய்ப்பாட்டின் ராகம் மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்கிறது என்று அவர் வகுப்பில் சொன்னார். வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லாத மண்டிச் சுமையாட்களும் மிளகாய்க் காம்பு கிள்ளுகிற பெண்களும், சாயந்திரம் வேலை முடிந்து கைகழுவிவிட்டு, சீட்டு உள்ளவர்களிடம் ஒரு நிமிஷம் வாங்கிக் கேட்டுவிட்டுப் போனார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் சீட்டையும் கேட்டு வாங்கி, பெண்ணின் தாய்மாமன் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

"நம்ம ஊரு ரோடு குண்டும் குழியுமாக் கெடக்கு, நம்ம காசு எங்கெயோ போயி தண்டவாளம் போடுது" என்று ஒருத்தர் டீக்கடையில் குறைப்பட்டபோது, ஏசுவடியான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம பள்ளிக்கூட மணியை எந்த ஊர்க்காரன் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கானோ" என்றார்.

தவசிலிங்கம் இதையெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரிதான் இருந்தார். அவரிடம் இரண்டு நோட்டு இருந்தது. வெள்ளை அட்டை நோட்டு ஆடிட்டர் நெல்லையப்பனுக்கு, மஞ்சள் அட்டை நோட்டு தனக்கு. மண்டிக்கு வந்த மூட்டையில் பாதி வெள்ளையில் ஏறும், மீதி மஞ்சளில் ஏறும். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான், அந்தத் தெருவில் பெரும்பாலும் அப்படித்தான். அந்த நாளில் வரி விகிதம் ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போனது, உள்ளதை உள்ளபடி சொன்னால் மண்டியை மூட வேண்டியதுதான் என்று ஒவ்வொருத்தரும் சொன்னார்கள், அதில் பாதி நிஜமும் இருந்தது. ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்ததும், மண்டிக்குத் தெற்கே மூட்டை அடுக்க ஒரு கிட்டங்கி வாங்கிப் போட்டதும் மஞ்சள் நோட்டின் தயவு.

சீட்டை எடுத்துக் கேட்டது அவர் மனைவி ராஜபுஷ்பம். ஒரு மத்தியானம், சாப்பிட்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டு, பீரோவிலிருந்து ஒன்பது வருஷத்துச் சீட்டுகளையும் எடுத்துவந்து, தரையில் வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றாகக் காதில் வைத்தாள். கடைசிச் சீட்டை வைத்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் கேளுங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்தார். மின்விசிறி ஒன்று எண்ணெய் இல்லாமல் கிரீச்சென்று சுற்றியது. எவர்சில்வர் தட்டில் ஏதோ வைக்கிற சத்தம். பிறகு ஒரு இளம் பெண்ணின் குரல், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. "கட்டை அவுத்தாச்சு பாட்டையா. மெதுவா கண்ணத் தொறங்க. முன்னால யாரு…"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மறுபடி வைத்தார், மின்விசிறி, தட்டு, பாட்டையா, முன்னால யாரு. காது அடைத்திருக்கிறதோ என்று சுண்டுவிரலால் குடைந்துவிட்டு இன்னொரு தரம் வைத்தார்.

"எல்லாச் சீட்டும் இப்படித்தாங்க இருக்கு" என்றாள் ராஜபுஷ்பம். "ஒண்ணுல ரயில் ஊதுது, பாதி ஊதி நிக்குது. ஒண்ணுல யாரோ கொத்தனார் கல்லைத் தட்டுறான், கை ஓங்குற மூச்சு கேக்குது, அடி விழ மாட்டேங்குது."

ஆடிட்டர் நெல்லையப்பன் இருபது வருஷமாக அந்தத் தெருவுக்குக் கணக்குப் பார்ப்பவர், மெலிந்த மனிதர், யாரையும் நேராகப் பார்த்துப் பேசமாட்டார். தவசிலிங்கம் கொண்டுபோன சீட்டை அவர் காதில் வைக்கக்கூட இல்லை. "எத்தனை பேரு கொண்டுவந்துட்டாங்க அண்ணாச்சி" என்றார். "கட்டுனது அவ்வளவுதான், சத்தமும் அவ்வளவுதான். ஏசுவடியான் சாருக்கு முழுசாக் கேக்குது, அவருக்கு ஒளிக்க வழியில்லை."

"அந்தக் கெழவனுக்குக் கண்ணு தெரிஞ்சுதா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"அதை எங்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்ல" என்று நெல்லையப்பன் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

அந்தச் சித்திரையிலும் வைகாசியிலும் வெள்ளூரணி வியாபாரிகளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சீட்டைப் பஞ்சில் சுற்றி வைத்தவர் உண்டு, அரிசிப் பானைக்குள் போட்டவர் உண்டு, கேட்காமல் இருக்கலாம்தான், ஆனால் ஒரு தரம் கேட்டுவிட்டால் அந்த முடியாத சத்தம் மனசுக்குள் எங்கேயோ முடியப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஓங்கிய சம்மட்டி, தொங்கி நிற்கிற மணி நாக்கு, தும்மப் போய்த் தும்மாத யாரோ. தராசு பிடிக்கும்போது எடைக்கல்லை வைத்துவிட்டு வைத்தோமா என்று சந்தேகப்பட்டார்கள். தவசிலிங்கம் மிளகாய்ச் சாக்கைப் பிரித்து, கை நிறைய வற்றலை அள்ளி, காம்பு முறிக்கிற சத்தத்தை வைத்து அது காய்ந்த பதம் பார்க்கிறவர்; அந்தச் சத்தமே இப்போது அவருக்குப் பாதியில் நிற்கிற மாதிரி இருந்தது.

எண்ணெய் மில் ஞானையாவுக்கு வேறு மாதிரிக் கஷ்டம் வந்தது. தண்டவாளச் சத்தத்தின் மேல் வைத்த ஆசையில், அவர் அந்த வருஷம் முழுக் கணக்கையும் காட்டி, முன்பணமாகவும் அள்ளிக் கட்டினார். ஒரு சீட்டில் அணைக்கட்டு மதகு திறந்து தண்ணீர் பாய்கிற சத்தம் வந்தது, அதைக் கேட்கத் தெருவே வரிசையில் நின்றது. இன்னொரு சீட்டில் ஏதோ ஒரு ஆபீஸில் ஒருத்தர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுகிற சத்தம் மட்டுமே மூன்று மாதம் வந்தது, அதற்காக அவர் டெல்லிக்குப் பதிவுத் தபாலில் புகார் எழுதிப்போட்டார். கட்டிய பணத்தில் இரண்டாவது பிழியும் இயந்திரம் வாங்குவதாக இருந்தது, வாங்கவில்லை. அதை நம்பி எடுத்த நாலு ஆட்களை ஆனி மாதம் கணக்கு முடித்து அனுப்பினார். அவர்கள் தூத்துக்குடி உப்பளத்துக்குப் பஸ் ஏறும்போது, அதில் மூத்தவன் ஞானையாவிடம், "எங்க வேலை போன சத்தம் எந்தச் சீட்டுல கேக்கும் மொதலாளி" என்று கேட்டுவிட்டுப் போனான். கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே அது ஞானையாவின் காதை விட்டுப் போகவில்லை. மறுநாளிலிருந்து அவர் சீட்டுகளைத் தொடுவதை நிறுத்தினார்.

ஆகவே, தவசிலிங்கம் மஞ்சள் நோட்டை வருமான வரி ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறார் என்ற செய்தி பரவியபோது, வியாபாரிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் அவர் மண்டிக்கு வந்து உட்கார்ந்தது ஞானையாதான். கொண்டுவந்து வைத்த சோடாவைக் குடிக்கவில்லை.

"உங்க ஆசை எனக்குப் புரியுது அண்ணாச்சி, நானும் பட்டவன்" என்றார். "ஆனா அந்த நோட்டுல உங்க பேரு மட்டுமா இருக்கு? பதினெட்டுப் பேரு சரக்குப் போட்டிருக்கான். நோட்டைத் தொறந்தா பதினெட்டு வீட்டுக் கதவும் தொறக்கும். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலயும் எத்தனை பேரு சோறு திங்கான்னு எண்ணிப் பாருங்க."

"எண்ணிப் பாத்துட்டேன்" என்றார் தவசிலிங்கம்.

"பாத்துமா?"

"இந்தப் பக்கம் நாம எண்ணுறோம். அந்தப் பக்கம் யாரு எண்ணுறா? ஒருத்தி கட்டை அவுத்துட்டு நிக்கா, நான் பாதிக் காசு குடுத்துட்டு வந்துட்டேன்."

"நீங்க குடுக்காட்டி அரசாங்கம் கண் ஆஸ்பத்திரியை மூடிராது."

"மூடாது. ஆனா எனக்குக் கேக்காது."

ஞானையா எழுந்து, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "நீங்க கெட்ட மனுஷன்னா சண்டை போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் ராஜபுஷ்பம் காம்பு கிள்ளி முடித்த மிளகாயைச் சாக்கில் அள்ளிக்கொண்டே, தெற்குக் கிட்டங்கியை விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்டாள். அவர் சொன்னார். வட்டியும் அபராதமும் சேர்த்தால் அது போதுமா என்று கேட்டாள். அவர் அவள் கழுத்தைப் பார்த்தார். "நகையில பாதி போதும், எல்லாத்தையும் பாக்காதீங்க" என்றாள் அவள்.

அடுத்த ஒரு மாதம் தவசிலிங்கம் பதினெட்டு வீட்டுக்கும் நடந்தார். முன்கூட்டியே சொல்லாமல் போய்க் கொடுப்பது துரோகம் என்று அவருக்குத் தோன்றியது. இன்ன தேதியில் கொடுக்கப்போகிறேன், அதற்குள் நீங்கள் என்ன செய்கிறீர்களோ செய்துகொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நின்றுகொண்டே சொன்னார். சிலர் உட்காரச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் வாளித் தண்ணீரை வாசலில் வீசினார்கள், அவர் நகர்ந்து நின்று சொல்லி முடித்துவிட்டு வந்தார். அவர்களில் மூன்று பேர் சத்தமில்லாமல் நெல்லையப்பனிடம் போய்த் தங்கள் கணக்கையும் சரிபண்ணச் சொன்னார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

விதைக்கடை மாடியில் இருந்த ஆபீஸில் அதிகாரி மஞ்சள் நோட்டை வாங்கிப் புரட்டினார். கூப்பிடாமல் தானாக வந்து கொடுக்கிற ஆளுக்கு என்ன படிவம் என்று தேடி அரைநாள் போனது. "எதுக்காகக் கொடுக்கிறீங்க, எழுதணும்" என்றார்.

"ஒரு வாக்கியம் பாதியில நிக்குதுங்க."

அதிகாரி அதை அப்படியே எழுதினார். அவரும் சம்பளக்காரர், அவர் மேஜை இழுப்பறையிலும் ஒரு சான்றிதழ் இருந்தது. ஆனால் சட்டத்தில் தயவுக்கு இடமில்லை. நோட்டு மூன்று வாரம் ஆபீஸில் இருந்தது, பதினெட்டுப் பேருக்கும் தபால் போனது, பதினொரு பேர் தவசிலிங்கம் மண்டிக்குச் சரக்குப் போடுவதை அன்றோடு நிறுத்தினார்கள். தெற்குக் கிட்டங்கி போனது. ராஜபுஷ்பத்தின் அட்டிகையும் நாலு வளையலும் போயின. ஐப்பசி மழை பிடித்த ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தவசிலிங்கம் மீதிப் பணத்தைக் கட்ட வங்கிக்குப் போனபோது, மங்களேஸ்வரி முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு, வழக்கமாக வேகமாகக் குத்துகிறவள், அன்றைக்கு மெதுவாக அழுத்திக் குத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் புதுச் சீட்டையும் பழைய சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக் காதில் வைத்தார். ராஜபுஷ்பம் அந்தப் பக்கமிருந்து தன் காதையும் ஒட்டிக்கொண்டாள், கல்யாணமான புதிதில் மகள் வயிற்றில் இருந்தபோது நெருங்கி நின்றதற்குப் பிறகு அவ்வளவு நெருக்கமாக அவர்கள் பகல் வெளிச்சத்தில் நின்றதில்லை.

மின்விசிறி சுற்றியது. தட்டில் ஏதோ வைத்தார்கள். "கட்டை அவுத்தாச்சு பாட்டையா. மெதுவா கண்ணத் தொறங்க. முன்னால யாரு நிக்கா, சொல்லுங்க பாப்போம்."

நெடுநேரம் விசிறி மட்டும் சுற்றியது. ராஜபுஷ்பத்தின் மூச்சு அவர் கன்னத்தில் பட்டது. பிறகு ஒரு கிழக் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப யோசனையாகச் சொன்னது: "யாருன்னு தெரியலயேம்மா. மூக்குத்தி போட்டுருக்க. செவப்புக் கல்லு."

நாலைந்து பெண்கள் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வந்தது. யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள், வெளியே காக்கை கத்தியது. தவசிலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் அப்பா செத்தபோதுகூட அழாதவர் என்று தெருவில் பெயர். அன்றைக்கு வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், ராஜபுஷ்பம் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மண்டி பழைய மண்டி ஆகவில்லை. மிஞ்சிய ஏழு பேருடைய சரக்கில் இரண்டு தராசு ஓடாது என்று ஒன்றை விற்றார். வாங்க ஆளில்லாமல் தங்கிப்போன வற்றலை என்ன செய்வது என்று பார்த்த ராஜபுஷ்பம், கொத்தமல்லியும் சீரகமும் சேர்த்து வறுத்து அரைத்து, கால் கிலோப் பொட்டலமாகக் கட்டி, மண்டியின் முன் பக்கத்தில் ஒரு பலகை போட்டு விற்கத் தொடங்கினாள். வேலை இல்லாமல் நின்ற காம்பு கிள்ளுகிற பெண்களில் ஆறு பேர் அவளிடம் வந்தார்கள். இரண்டாம் வருஷம் பொட்டலம் மதுரைக்குப் போனது. ஞானையா அவளிடமிருந்து வீட்டுக்கு மாதம் நாலு பொட்டலம் வாங்கினார், தவசிலிங்கத்தோடு மட்டும் பேச அவருக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

நாலாம் வருஷம் நெல்லையப்பன் அவள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் வரி வருதும்மா, முப்பத்தேழு ரூபா" என்றார். ராஜபுஷ்பம் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தானே வங்கிக்குப் போனாள். மங்களேஸ்வரி தன் மேஜையில் இருந்த பூவை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டாள். அவள் அந்தச் சீட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. பொட்டலம் கட்டுகிற பலகைக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தனியாகக் கேட்டாள்.

"என்ன கேக்குது?" என்றார் தவசிலிங்கம்.

"இது என்னுது" என்றாள்.

"சொன்னா என்ன கொறஞ்சு போகும்?"

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மிளகாய் வறுக்கப் போனாள். வறுக்கும்போது ஒரு மெட்டை முனகினாள். சினிமாப் பாட்டு இல்லை, சாமி பாட்டும் இல்லை, அந்தப் பக்கத்தில் யாரும் பாடிக் கேட்டிராத ஒரு மெட்டு, மூன்று படி ஏறி ஒரு படி இறங்கி, கடைசியில் வளைந்து நிற்கும். எந்த ஊரில் யார் எந்த வேலையைச் செய்துகொண்டு பாடியதோ, கல் சுமந்துகொண்டோ, பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டிக்கொண்டோ, அவள் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. முப்பது வருஷம் அவள் அதையே முனகினாள், அந்த ஆறு பெண்களும் பிறகு வந்த பதினாலு பெண்களும் கூடவே பழகிக்கொண்டார்கள்.

வரி கட்டுவது கம்ப்யூட்டருக்குப் போன பிறகு வங்கியில் சீட்டு கொடுப்பதில்லை. ஒரு எண் வருகிறது, அது பேசுவதில்லை. பழைய சீட்டுகளில் மை வெளிற வெளிறச் சத்தமும் தேய்ந்து, ஒரு நாள் வெறும் காகிதமாகிவிட்டது. அதை ஊரில் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, வந்த மாதிரியே போய்விட்டது. ராஜபுஷ்பம் போன தை மாதம் காலமானாள். எண்பத்திரண்டு வயதில் தவசிலிங்கம் இப்போதும் காலையில் பத்து மணிக்கு அந்தப் பலகைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து பொட்டலத்துக்கு நூல் சுற்றுகிறார். வற்றல் வறுக்கிற வாசம் எழுகிற நேரத்தில், உள்ளே பெண்கள் அந்த மெட்டை எடுக்கும்போது, கடைசி வளைவில் அவர்கள் வழக்கமாகத் தப்புகிற ஒரு இடம் உண்டு. அவர் நூலை நிறுத்திவிட்டு, ராஜபுஷ்பம் நிறுத்தின மாதிரி அங்கே குரலைக் கொஞ்சம் நிறுத்தி, மெட்டைச் சரியாக முடித்துக் காட்டுகிறார்.